குடலின் நோய் எதிர்ப்பை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது: திசு முதல் இணை வளர்ப்பு வரை ஒரு முழு வழிகாட்டி

குடல் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் ஆய்வு தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாதிரி நல்லது, ஆர்கனாய்டா, சிப்பா?" என்றுதான். ஆர்கனாய்டு என்பது ஸ்டெம் செல்லிலிருந்து ஜெல்லில் வளரும் குட்டி உறுப்பு, சிப் என்பது திரவம் ஓடும் சிறு கருவிக்குள் செல்களை வளர்ப்பது. இந்தக் கேள்விக்கு நேரடிப் பதில் கிடையாது. "நான் பார்க்க நினைக்கும் விஷயத்தில் எந்தச் செல் எந்தச் செல்லோடு பேசுகிறது?" என்று மாற்றிக் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அந்த இரண்டு மூன்று செல்களையும் அவை உடலில் பழகிய நிலையிலேயே ஓரிடத்தில் சேர்ப்பதுதான் மாதிரி. முழுக் குடலையும் பிளாஸ்டிக் தட்டில் கட்ட யாராலும் முடியாது, கட்டத் தேவையும் இல்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டி செல் (அந்நியத்தை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணு) சம்பந்தப்பட்ட கேள்வி என்றால், அந்த டி செல் குடலிலிருந்தே வர வேண்டும். முடிந்தால் எபிதீலியம் (குடலின் உட்புறத்தை மூடும் செல் வரிசை) கொடுத்த அதே மனிதரிடமிருந்து வர வேண்டும். ஏன் என்பதை 4ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படி 1: உங்கள் கேள்வி குடலின் எந்த அடுக்கில் இருக்கிறது?

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள எபிதீலியம். அதற்கு ஒரு பக்கம் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளும் உணவும், மறுபக்கம் உடல். இந்த ஒற்றை வரிசை 3 முதல் 5 நாட்களுக்குள் பெருமளவு புதுப்பிக்கப்படுகிறது. புதிய செல்களைத் தருபவை கிரிப்ட் எனப்படும் சிறு குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள்.

எபிதீலியச் செல்களுக்கு நடுவிலேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும் டி செல்கள் உண்டு. சிறுகுடலில் ஏறத்தாழ 10 எபிதீலியச் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் இவை இருக்கும். சி.டி.103 என்ற புரதத்தால் எபிதீலியத்தின் ஈ-கெட்ஹெரின் என்ற ஒட்டும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எபிதீலியத்துக்குக் கீழே இருப்பது லாமினா புரோப்ரியா. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்கள், மற்ற எதிர்ப்புச் செல்களை வழிநடத்தும் சி.டி.4 டி செல்கள், ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. இவை தவிர, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகமாகக் காணப்படும் பேயர் திட்டுகள் எனப்படும் எதிர்ப்புச் செல் திரள்கள் தனி உலகம். அவற்றின் மேலே இருக்கும் எம் செல்கள் குடலுக்குள் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உள்ளே கொடுக்கும்.

ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதில் வரும் செல்களுக்குக் கீழே கோடு போடுங்கள். கோடு போடாத செல்லை மாதிரிக்குள் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு செல்லும் தன் மீடியத்தையும் (வளர்ப்புத் திரவத்தையும்), தன் பராமரிப்பையும், தன் குழப்பத்தையும் கூடவே கொண்டுவரும்.

படி 2: மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்

கேக்கோ-2 இன்னும் பல ஆய்வகங்களின் முதல் துணை. பெருங்குடல் புற்றுநோயிலிருந்து வந்த செல் வரிசை இது. துளைகள் உள்ள சவ்வுத் தட்டில் விதைத்து ஏறக்குறைய 21 நாள் வளர்த்தால் சிறுகுடல் எபிதீலியம்போல நடந்துகொள்ளும். தடுப்புச் சுவர் எப்படி உடைகிறது என்று பார்க்க வசதியானது. ஆனால் அது புற்றுச் செல், ஒரே மனிதருடையது, இயல்பான ஸ்டெம் செல்லும் சளி சுரக்கும் செல்லும் அதில் கிடையாது. ஒரு மருந்து எபிதீலியத்தைத் தாண்டுமா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். நோய் எதிர்ப்பின் நுணுக்கத்தை அதில் தேடாதீர்கள்.

இன்னொரு கோடியில் இருப்பது திசுத்துண்டை அப்படியே வளர்ப்பது. பயாப்ஸித் துண்டைக் கம்பி வலைமேல் வைத்து, மேலே காற்றும் கீழே மீடியமும் படும்படி விடும் இந்த முறை 1969 முதலே மனிதச் சிறுகுடலில் செய்யப்பட்டு வருகிறது. எல்லாச் செல்களும் தத்தம் இடத்தில் இருக்கும். ஆயுள்தான் குறை: ஒன்றிரண்டு நாட்களில் எபிதீலியம் உதிரத் தொடங்கும். விரைவாக முடியும் கேள்விகளுக்கு இதைவிட நேர்மையான மாதிரி இல்லை என்பது என் கருத்து.

இரண்டுக்கும் நடுவில்தான் ஆர்கனாய்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம், எலிக்குடலின் எல்.ஜி.ஆர்.5 என்ற புரதக் குறியுள்ள ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து கிரிப்ட்டும் விரல்போல் நீண்டு நிற்கும் குடலுறிஞ்சிப் பகுதியும் கொண்ட குட்டிக் குடலை 2009இல் வளர்த்துக் காட்டியது. மனிதத் திசுவுக்கான மீடியம் 2011இல் வந்தது. அதே 2011இல் ஜேசன் ஸ்பென்ஸ், ஜேம்ஸ் வெல்ஸ் குழு, திசு எதுவும் எடுக்காமல், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய புளூரிபொட்டென்ட் ஸ்டெம் செல்லிலிருந்தே குடல் ஆர்கனாய்டு செய்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். திசுவிலிருந்து வருவதில் எபிதீலியம் மட்டுமே இருக்கும், ஆனால் அது முதிர்ந்தது, எடுத்த மனிதரின் நோயையும் குடற்பகுதியையும் ஓரளவு ஞாபகம் வைத்திருக்கும். ஸ்டெம் செல்லிலிருந்து வருவதில் இணைப்புத் திசுவும் கூடவே வரும், ஆனால் குணத்தில் அது கருவின் குடல்.

சிப் என்பது 2012இல் டொனால்ட் இங்பரின் வீஸ் நிறுவனக் குழு காட்டிய வழி. நடுவில் சவ்வு, இருபுறமும் ஓடும் திரவம், குடலசைவுபோல இழுத்துவிடும் பக்க அறைகள். ஓட்டமும் இழுவையும் சேர்ந்ததும் கேக்கோ-2 செல்களே மடிப்பு மடிப்பாக எழுந்தன. உயிருள்ள பாக்டீரியாவோடு நாட்கணக்கில் வேலை செய்ய வேண்டுமானால் சிப் உதவும், ஓடும் திரவம் அவற்றின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் என்பதால். மற்றபடி புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் சிப்புக்கு அனுப்புவதில்லை. பம்ப், குமிழி, கசிவு என்று மாதக்கணக்கில் பொறியியலே பார்க்க வேண்டிவரும்.

படி 3: திசு பெறுதலும் கிரிப்ட் பிரித்தலும்

ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி பற்றிய தகவல் ஆகியவை இல்லாமல் ஒரு துண்டும் உள்ளே வரக்கூடாது. மனிதத் திசு எதுவானாலும் தொற்றுள்ளது என்று நினைத்தே கையாளுங்கள். எந்தப் பகுதி, புற்றிலிருந்து எவ்வளவு தூரம், என்ன மருந்து எடுத்தார் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். ஸ்டீராய்டு எடுத்தவரின் டி செல்லும் எடுக்காதவரின் டி செல்லும் ஒன்றுபோல நடக்காது. அதை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

திசு ஐஸில் வர வேண்டும், அன்றே பிரிக்க வேண்டும். குளிர்ந்த உப்புக் கரைசலில் நீர் தெளியும்வரை அலசுங்கள். சளி நீங்க, அதன் பிணைப்புகளை உடைக்கும் டைதையோத்ரைட்டால் (டி.டி.டி.) கரைசலில் சற்று நேரம் வைத்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஈ.டி.டி.ஏ. கரைசலில் குளிரிலேயே அரை மணி நேரம் மெல்லச் சுழலவிடுங்கள். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும்.

அப்புறம் வேகமாகக் குலுக்குங்கள். முதல் குலுக்கலில் திரவம் கலங்கலாகிவிடும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்: பெரிய, வெளிறிய, கையுறை விரல்போன்ற துண்டுகள் தெரிந்தால் அவை குடலுறிஞ்சிகள். அவற்றிலிருந்து ஆர்கனாய்டு வளராது. அடுத்தடுத்த குலுக்கல்களில் சின்னதாய், அடர்த்தியாய், ஒரு முனை உருண்ட குழாய்கள் வரும். அவைதான் கிரிப்ட்கள். ஒவ்வொரு குலுக்கலையும் தனித்தனிக் குழாயில் சேர்த்து, எதில் கிரிப்ட் அதிகமோ அதை மட்டும் எடுங்கள். சிறுகுடலானால் 70 மைக்ரான் சல்லடை உறிஞ்சிகளைத் தடுத்து கிரிப்ட்டை விடும். பெருங்குடலில் உறிஞ்சியே கிடையாது, கிரிப்ட்களும் நீளமானவை, அதனால் பெரிய துளைச் சல்லடை வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே பலருக்குத் தப்பிப்போகிறது. வேண்டாம் என்று கொட்டும் அந்தக் கலங்கல் திரவத்தில்தான் எபிதீலியத்துக்குள் இருந்த டி செல்கள் உதிர்ந்து மிதக்கின்றன. நீங்கள் தேடுவது அவற்றைத்தான் என்றால் கொட்டாதீர்கள்.

கிரிப்ட்களை மேட்ரிஜெல்லோடு கலந்து, 30 முதல் 50 மைக்ரோலிட்டர் அளவில் சொட்டுச் சொட்டாகத் தட்டில் வையுங்கள். எலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் புரதக் கலவையான மேட்ரிஜெல் ஐஸில் திரவமாக இருக்கும், சூடு பட்டால் உறையும். பிப்பெட் முனையையும் குளிர வைத்திருங்கள். சொட்டு வைத்த சில நொடிகளில் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து 37 டிகிரி இன்குபேட்டரில் 10, 15 நிமிடம் விடுங்கள். கவிழ்க்காவிட்டால் கிரிப்ட்கள் அடியில் படிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பரந்துவிடும். முதல் இரண்டு நாள் மீடியத்தில் ராக் தடுப்பான் சேருங்கள். பிடிமானம் இழந்த செல்கள் தாமே செத்துப்போவதை அது குறைக்கும். ஒரு நாளில் கிரிப்ட்டின் வாய் மூடிக்கொண்டு உருண்டையாகும். ஒரு வாரம், பத்து நாளில் பிரித்து மறுபடி நடலாம்.

படி 4: எதிர்ப்புச் செல்களை எங்கிருந்து எடுப்பது?

இரத்தத்திலிருந்து எடுப்பது எளிது. ஒரு குழாய் இரத்தம், ஒரு அடர்த்திப் பிரிப்பு, 2 மணி நேரத்தில் லட்சக்கணக்கான டி செல்கள் கையில். அந்த எளிமையில்தான் ஆபத்து இருக்கிறது.

2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் டி செல்களைத் தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடியை 6 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தது. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் சைட்டோகைன் (எதிர்ப்புச் செல்களின் சைகைப் புரதம்) புயல், உறுப்புகள் செயலிழந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பதே பெரிய ஆறுதல். குரங்குகளின் நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்ததை ஞாபகம் வைத்திருக்கும் டி செல்களில்) அந்த மருந்து பிடிக்க வேண்டிய சி.டி.28 என்ற புரதம் மறைந்துபோயிருந்தது பின்னர் தெரிந்தது. மனித இரத்தச் செல்களில் சாதாரணமாகச் சோதித்தபோதும் ஆபத்து வெளிப்படவில்லை. அதே இரத்தச் செல்களை இரண்டு நாள் நெருக்கமாக, திசுவில் இருப்பதுபோல் அடர்த்தியாக வளர்த்துவிட்டு மருந்தைச் சேர்த்தபோதுதான் பொங்கி எழுந்தன. அதாவது, இரத்தத்தில் தனித்து மிதக்கும் டி செல்லும் திசுவில் ஒட்டி உறவாடும் டி செல்லும் ஒரே வம்சமானாலும் ஒரே குணம் அல்ல.

குடலில் இந்த வேறுபாடு இன்னும் ஆழம். அங்கேயே தங்கிவிட்ட நினைவு டி செல்கள், சி.டி.69, சி.டி.103 குறிகளோடு, இரத்தத்துக்குத் திரும்பாமல் எபிதீலியத்தை ரோந்து சுற்றுகின்றன. இவற்றை எடுக்க இரண்டு வழி. ஒன்று, எபிதீலியம் நீக்கிய திசுவைக் கொலாஜினேஸ் நொதியில் கரைப்பது. விரைவானது, எல்லா வகைச் செல்லும் வரும், ஆனால் நொதி சில மேற்பரப்புக் குறிகளையும் சேர்த்து அரித்துவிடும், செல்லும் களைத்துப்போகும். இன்னொன்று, திசுத்துண்டுகளை ஒரு நுண்துளைத் தாங்கியில் வைத்து, செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வரக் காத்திருப்பது. சில நாள் பிடிக்கும். வருவது பெரும்பாலும் டி செல்கள், ஆனால் நல்ல உயிர்ப்போடு வரும். டி செல் கேள்விக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இந்த வழியில் போனவர்கள் என்ன கண்டார்கள் என்பதற்கு 2024இல் வந்த ஆய்வு ஒன்றே போதும். சுவிட்சர்லாந்தின் பாசலில் உள்ள ரோஷ் மருந்து நிறுவன ஆய்வாளர்கள், ஒரே மனிதரின் குடல் ஆர்கனாய்டோடு அவருடைய திசு நினைவு டி செல்களைச் சேர்த்தார்கள். அந்த டி செல்கள் தாமாகவே எபிதீலியத்துக்குள் புகுந்து செல்களுக்கிடையே நகர்ந்தன. இரத்த டி செல்கள் அப்படிக் கலக்கவில்லை. டி செல்லையும் எபிதீலியத்தையும் பிணைக்கும் புற்று மருந்து ஒன்றைச் சேர்த்ததும், நோயாளிகளிடம் காணப்பட்ட குடல் அழற்சியை ஒத்த சேதம் தட்டிலேயே நடந்தது.

அதே மனிதரிடமிருந்து என்பது ஏன்? வேறொருவரின் எபிதீலியத்தில் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களை டி செல் அந்நியம் என்று தாக்கும். நீங்கள் பார்ப்பது உங்கள் மருந்தின் விளைவா, உறுப்பு மாற்று நிராகரிப்பா என்று பிரிக்க முடியாது.

மேக்ரோபேஜ் விஷயத்தில் மட்டும் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. வளர்ந்தவரின் குடல் மேக்ரோபேஜ்களில் பெரும்பங்கு இரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களான மோனோசைட்டுகளிலிருந்தே தொடர்ந்து நிரப்பப்படுகிறது. அதனால் இரத்த மோனோசைட்டை எடுத்து மேக்ரோபேஜாக வளர்ப்பது நியாயமான வழியே.

படி 5: ஒன்று சேர்த்தல்

முதலில் மீடியத்தைப் பாருங்கள். இணை வளர்ப்பு (இரு வகைச் செல்களைச் சேர்த்து வளர்ப்பது) தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மனித ஆர்கனாய்டு பெருக உதவும் மீடியத்தில் ஏ83-01, எஸ்.பி.202190 என்ற இரண்டு தடுப்பான்கள் உண்டு. முதலாவது டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தின் சைகையை அடைக்கிறது. ஆனால் டி செல்லில் சி.டி.103 தோன்றக் காரணமே அந்தச் சைகைதான். இரண்டாவது பி38 என்ற நொதியின் தடுப்பான், எதிர்ப்புச் செல்களின் சைட்டோகைன் சுரப்பையே குறைக்கும். ஆக, எபிதீலியம் செழிக்கும் அந்த மீடியத்தில் டி செல்லின் கையைக் கட்டிவிட்டு, அது ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்போம். சேர்ப்பதற்குச் சில நாள் முன்பே இந்தத் தடுப்பான்கள் இல்லாத முதிர்வு மீடியத்துக்கு ஆர்கனாய்டை மாற்றுங்கள். டி செல்லுக்காகக் கொஞ்சம் ஐ.எல்.-2, ஐ.எல்.-15 என்ற சைட்டோகைன்களைச் சேருங்கள். அளவைக் கூட்டினால் எந்தத் தூண்டுதலும் இல்லாமலே அவை சினம் கொள்ளும்.

அடுத்தது திசை. ஜெல்லுக்குள் இருக்கும் ஆர்கனாய்டில் குடலின் உட்பக்கம் உருண்டைக்குள்ளும், உடலின் பக்கம் வெளியிலும் இருக்கும். டி செல்லுக்கு அது சரியான வாசல், வெளியிலிருந்து நேராக எபிதீலியத்தின் அடிப்பக்கத்தைத் தொடும். பாக்டீரியாவுக்கோ தவறான வாசல். அதற்கு ஆர்கனாய்டை ஜெல்லிலிருந்து விடுவித்து மிதக்கவிட்டு உள்ளே வெளியே புரட்ட வேண்டும், அல்லது பிரித்துச் சவ்வில் தட்டையாக வளர்க்க வேண்டும். மேக்ரோபேஜ் சேர்க்கவும் சவ்வுதான் வசதி: சவ்வைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் மேக்ரோபேஜை விதைத்து, ஒட்டியபின் நிமிர்த்தலாம். செல்கள் தாண்டக் கூடாது என்றால் 0.4 மைக்ரான் துளை, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஏறி வருவதைப் பார்க்க 3 மைக்ரான்.

டி செல் இணைப்புக்கு, ஆர்கனாய்டுகளை ஜெல்லிலிருந்து மெதுவாக எடுத்து, டி செல்களோடு ஒரே குழாயில் சிறிது நேரம் ஒட்டி இருக்கவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து ஜெல்லில் பதியுங்கள். கெட்டியான மேட்ரிஜெல்லில் டி செல்லால் நன்றாக நகர முடியாது. செறிவைக் குறைத்தோ கொலாஜன் கலந்தோ பாருங்கள். டி செல்லுக்கு ஒரு நிறச் சாயம் ஏற்றி, அன்றிரவே நுண்ணோக்கியில் தொடர் படம் எடுங்கள். சரியாக வந்திருந்தால், ஒளிரும் சிறு புள்ளி உருண்டையின் ஓரத்தைத் தடவி நின்று, நீண்டு ஒடுங்கி, இரண்டு எபிதீலியச் செல்லுக்கு நடுவே தலையை நுழைப்பது தெரியும். வெளியிலேயே கொத்துக் கொத்தாகத் திரண்டு நின்றால், அவை எபிதீலியத்தை அல்ல, ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கின்றன.

செல்களைத் தனித்தனியாகச் சேர்க்காமல், பிரிக்காத சிறு திசுத்துணுக்குகளையே காற்றும் திரவமும் சந்திக்கும் இடத்தில் கொலாஜனில் வளர்க்கும் வழியும் உண்டு. எபிதீலியமும் அதன் பக்கத்து எதிர்ப்புச் செல்களும் கூடவே வளரும். ஸ்டான்ஃபோர்டில் கேல்வின் குவோவின் குழு இதையே, குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் குடல் சிதையும் சீலியாக் நோயாளிகளின் பயாப்ஸியில் செய்து, குளூட்டன் துண்டு பட்டதும் எபிதீலியம் சிதைவதையும் அதில் ஐ.எல்.-7க்குப் பங்கு இருப்பதையும் 2024இல் காட்டியது.

படி 6: நம்பலாமா என்று சோதித்தல்

தட்டை வளர்ப்பில் முதல் அளவு மின்தடை, எபிதீலியச் சுவர் எவ்வளவு இறுக்கம் என்பதை அது காட்டும். வெறும் சவ்வின் அளவைக் கழித்துப் பரப்பால் பெருக்குங்கள். அளவு 620 ஓம், வெறும் சவ்வு 120 ஓம், பரப்பு 0.33 சதுர சென்டிமீட்டர் என்றால், 500ஐ 0.33ஆல் பெருக்கி 165 ஓம் சதுர சென்டிமீட்டர். பெருக்காமல் ஓமை மட்டும் எழுதினால் வேறு தட்டோடு ஒப்பிட முடியாது. அழற்சி சைட்டோகைன்களான டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான்-காமா இரண்டையும் சேர்த்துக் கொடுத்த வெல் (தட்டின் குழி) ஒன்றை எப்போதும் வையுங்கள். அதில் தடை விழவில்லை என்றால் உங்கள் எபிதீலியம் எதிர்ப்புச் சைகையைக் கேட்கவே இல்லை.

கட்டுப்பாட்டு வெல்களில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்கனாய்டு தனியே, டி செல் தனியே, இரண்டும் சேர்ந்து ஆனால் தூண்டாமல், மருந்து இருந்தும் டி செல் இல்லாமல். இந்த நான்கும் இல்லாத இணை வளர்ப்பு முடிவை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை. வளர்ச்சிக் காரணிக் கரைசல்களில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் சுவர்ப்பொருள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். எபிதீலியம் கண்டுகொள்ளாத அளவுகூட மேக்ரோபேஜை உசுப்பிவிடும். வளர்ப்பில் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை மாதாமாதம்.

ஒருவரின் திசுவில் 12 வெல் செய்தால் அது 12 முடிவல்ல, ஒரே முடிவு. மனிதருக்கு மனிதர் வேறுபாடு இங்கே மிகப் பெரிது. குறைந்தது 3 பேர், முடிந்தால் இன்னும் அதிகம். வரைபடத்தில் ஒவ்வொருவரையும் தனிப் புள்ளியாகக் காட்டுங்கள். சராசரிக்குள் ஒளிந்துபோகும் அந்த ஒரு விலகிய புள்ளிதான் சில சமயம் உண்மையான கண்டுபிடிப்பு.

எது இந்த மாதிரியில் இல்லை என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்: நரம்பு, இரத்த ஓட்டம், ஆக்ஸிஜன் அற்ற உட்குழி, பேயர் திட்டில் ஆன்டிபாடி தரும் பி செல்களின் மையம். ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்பது உங்கள் கேள்வி என்றால் குடல் ஆர்கனாய்டை விட்டு, 2021இல் வந்த டான்சில் ஆர்கனாய்டு பக்கம் போவது நல்லது.

படி 7: உறைய வைத்தல்

திசு வந்த அன்று கையில் இருக்கும் டி செல்கள் எல்லாவற்றையும் சோதனையில் செலவழித்துவிடாதீர்கள். ஆர்கனாய்டு மாதக்கணக்கில் பெருகும், அந்த மனிதரின் திசு டி செல் மறுபடி வராது. பாதியையாவது உறைய வையுங்கள். ஆர்கனாய்டு குப்பிக்கும் டி செல் குப்பிக்கும் ஒரே எண் போட்டு, குடற்பகுதி, தேதி, பாசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து நட்டது) எழுதி, திரவ நைட்ரஜன் தொட்டியில் அடுத்தடுத்த குழியில் வையுங்கள். உருக்கி எடுத்த டி செல்லை உடனே சேர்க்காமல் ஓர் இரவு ஐ.எல்.-15இல் ஓய்வெடுக்க விடுங்கள். மறுநாள் காலை உயிரோடு இருப்பவற்றை எண்ணிப் பார்த்து, சி.டி.103 இன்னும் இருக்கிறதா என்று பார்த்தபின் ஆர்கனாய்டுத் தட்டை இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுங்கள்.